ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்பது மணி

1

சென்ற வாரம் மகனின் பாடசாலையில் ஒரு முக்கியமான பேச்சுக்கு நான் ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். இத்தனை வருடம் சுவிஸில் குப்பை கொட்டியவள் இப்படியும் பிந்துவாளா என்று ஊரில் இருக்கும் நீங்கள் நினைக்கலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். கைத்தொலைபேசி தானாகவே மாறிக்கொள்ளும். மற்றவற்றை நாங்கள்தான் திருப்ப வேண்டும். அந்த ஞாயிறு நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன். கணவர் சுவர்க் கடிகாரத்தை மாற்றினார், தன் கைக்கடிகாரத்தை மாற்றினார், குசினி அடுப்பில் பச்சை இலக்கங்களில் ஒளிரும் நேரத்தை மட்டும் மறந்துவிட்டார். திங்கள் காலை நான் எழும்புவதற்கு முன்னரே அவரும் மகனும் போய்விட்டார்கள். நான் அடுப்பைப் பார்த்து, நேரம் கிடக்கிறது என்று ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்பட்டேன்.

பாடசாலையில் வகுப்பாசிரியை அடுத்த பெற்றோருடன் பேசிக்கொண்டிருந்தார். என் மகன் அபி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்திருந்தது. இங்கே ஆறாம் வகுப்போடு பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள். மேல்படிப்புக்குப் போகிற பிரிவு ஒன்று, தொழில் பழகப் போகிற பிரிவு மற்றது. அவனை எதில் விடுவது என்று பேசத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் தெரிந்த ஜேர்மன் சொற்களையெல்லாம் அள்ளிப்போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியை கோபிக்கவில்லை. நாளைக்கு இதே நேரம் வாருங்கள் என்றார். பெற்றோரைக் கேட்காமல் எங்கள் கல்வித் திணைக்களம் எந்தப் பிள்ளையைப் பற்றியும் முடிவெடுக்காது, அதனால் ஒரு நாள் பொறுப்பதில் எனக்குச் சிரமமில்லை என்றார். அப்போது அபி அவரைப் பார்த்து ஜேர்மனில், என் அம்மா எப்போதும் இலங்கை நேரம்தான் என்று சொல்லிச் சிரித்தான். ஆசிரியையும் சிரித்தார். நானும் ஒப்புக்குச் சிரித்து வைத்தேன்.

ட்ராமில் வரும்போது எனக்குள் ஒரு கேள்வி ஓடியது. இலங்கை நேரம் என்றால் எது? புதுநேரமா, பழையநேரமா? இதை அவனிடம் கேட்டு என்ன பயன்.

2

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் ஆசிரியை. வீடு நாவற்குடாவில். நியமனம் கிடைத்தது ஆற்றுக்கு அப்பால் ஒரு சின்னப் பாடசாலையில். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நான் யாரென்று நொடியில் பிடித்துவிடுவீர்கள், பிறகு தொலைபேசி ஓயாது.

மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே அது படுகிற பக்கம் படுவான்கரை. யுத்தம் அந்த ஆற்றையே வசதியான எல்லையாக்கிக்கொண்டது. எழுவான்கரை இராணுவத்திடம், படுவான்கரை இயக்கத்திடம். இரண்டுக்கும் நடுவே ‘பாதை’ ஓடியது. ஆட்கள், சைக்கிள், மாடு, நெல்மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இழுத்துப் போகும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

பொலிஸ் அந்தப் பாதையில் ஏறாது. வங்கியும் ஏறாது. கல்விக் கந்தோர் ஏறியது. நாங்கள் ‘டிப்பார்ட்மென்ட்’ என்றும் ‘கந்தோர்’ என்றும் அழைத்த மாகாணக் கல்வித் திணைக்களத்தின் அந்த அலுவலகத்திலிருந்து பாடப்புத்தகம் அக்கரைக்குப் போனது, சீருடைத் துணி போனது, வெண்கட்டி போனது, நாங்கள் போனோம். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு பக்கத்திலும் பிள்ளைகளுக்கு ஒரே பாடம், ஒரே சோதினை. இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அப்போது நாங்கள் வியக்கவில்லை. சம்பளம் பிந்தினால் கந்தோரைத் திட்டினோம், இடமாற்றம் கிடைக்காவிட்டால் இன்னும் கூடத் திட்டினோம். ஆள் பலம் உள்ளவர்கள் நியமனத்தை அக்கரையில் வைத்துக்கொண்டு, ‘இணைப்பு’ என்று ஒன்றைப் பிடித்து நகரத்துப் பாடசாலையில் கற்பித்தார்கள். எனக்கு அந்தப் பலம் இல்லை. ஆகவே ஒவ்வொரு காலையும் பாதைத் துறையில் வரிசையில் நின்றேன்.

துறையில் இராணுவச் சோதனைச்சாவடியில் சோற்றுப் பொதியையும் அவிழ்த்துப் பார்ப்பார்கள். எங்களை எப்போதும் சிரமப்படுத்தியது பற்றறி. பற்றறியில் வெடி வைக்கலாம் என்பதால் ஒரு சின்னப் பற்றறிகூட அக்கரைக்குப் போக விடமாட்டார்கள். அதனால் எங்கள் பாடசாலைச் சுவர்க் கடிகாரம் நின்றே போயிருந்தது. அதிபரிடம் மட்டும் சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. அவர் அந்த ஊர்க்காரர். மற்றபடி பாடசாலைக்கு நேரம் என்பது எங்கள் கைகளில் கட்டப்பட்டுத் தினமும் பாதையில் வந்து, பின்னேரம் எங்களோடு திரும்பிப் போனது.

3

அந்த நேரமும் அக்கரை நேரமும் ஒன்றல்ல. இளையவர்கள் இதை நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் ஒரு வருடம் நாட்டுக் கடிகாரங்களை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அதை அரை மணியாகக் குறைத்தது. இயக்கம் அதை ஏற்கவில்லை. எனவே இக்கரையில் ஒன்பது மணி என்றால் அக்கரையில் எட்டரை. பாதையில் ஏறி இறங்கினால் அரை மணி நேரம் இளமையாகிவிடுவோம் என்று எங்களுக்குள் பகிடி.

பழகிவிட்டால் எதுவும் பெரிய விடயமில்லை. கலியாணக் கடிதத்தில் ‘பழைய நேரம்’ என்று அடைப்புக்குள் போடுவார்கள். வைத்தியர் வருகிறார் என்றால் முதல் கேள்வி, புதுசா பழசா என்பதுதான். கந்தோரிலிருந்து வரும் அறிவித்தலில் எப்போதும் அரசாங்க நேரம். அதிபர் அதிலிருந்து அரை மணியைக் கழித்து ஊருக்குச் சொல்வார். தாய்மாருக்கும் அது தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட அந்தக் கணக்கில் பிழை விட்டு நான் கண்டதில்லை.

(என் பிழை வேறு. சுவிஸுக்கு வந்த புதிதில், ஜேர்மனில் ‘அரை ஒன்பது’ என்று சொன்னதை நான் ஒன்பதரை என்று நினைத்து வைத்தியரிடம் போனேன். அது எட்டரையாம். ஒன்பதை நோக்கி அரை தூரம் போயாயிற்று என்று அர்த்தமாம். அரை மணி நேரங்களுக்கும் எனக்கும் சரிவருவதில்லை.)

4

யோகேஸ்வரி என் ஐந்தாம் வகுப்பு மாணவி. யோகா என்போம். தகப்பன் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், கூலிக்கு வேலை செய்தவர். யோகா கெட்டிக்காரி என்று சொன்னால் போதாது. கணக்கைப் பலகையில் எழுதி நான் திரும்புவதற்குள் விடையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பாள். அந்தப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினையில் அதுவரை யாரும் சித்தியடைந்ததில்லை. சித்தியடைந்தால் நகரத்துப் பெரிய பாடசாலையில் இடம், விடுதி, மாதம் ஒரு சிறு உதவித்தொகை. எங்கள் பாடசாலையிலோ ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்தச் சோதினையை ஒரு பிள்ளை வாழ்க்கையில் ஒரே ஒரு தரம்தான் எழுதலாம். யோகாவுக்கு ஆற்றைக் கடக்க இருந்த வழி அது ஒன்றுதான். தாய்க்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த வருடம் பரீட்சை நிலையம் இக்கரையில், துறையிலிருந்து கொஞ்சத் தூரம் நடக்கும் இடத்தில். சோதினைக்கு முந்திய மாதம் கந்தோரிலிருந்து இராசநாயகம் சேர் அக்கரைக்கு வந்து அதிபர்மாரை மட்டும் கூட்டிப் பேசினார். அவர் கல்வி அதிகாரி. நல்ல மனிதர். மற்ற அதிகாரிகள் அக்கரைக்கு வரச் சாட்டுச் சொல்லும்போது இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதையில் ஏறுவார். கூட்டத்தில் அவர், நீங்கள் ஒவ்வொரு முறையும் புதுநேரம் பழையநேரம் என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம், இந்த முறை அறிவித்தலை உங்கள் நேரத்திலேயே போட்டு அனுப்புகிறேன் என்றாராம். அதிபர்மாருக்குச் சந்தோசம். கந்தோர் தங்கள் கரையின் நேரத்தை மதித்தது அதுதான் முதல் முறை.

சொன்னபடி அவர் எட்டரை என்று எழுதிக் கொடுத்தார். கந்தோரில் அதைத் தட்டச்சுக்குக் கொடுத்த எழுதுவினைஞர் பார்த்தார். சோதினை ஒன்பதுக்கல்லவா, சேர் அவசரத்தில் பிழையாக எழுதிவிட்டார் என்று நினைத்து, சேருக்கு வெட்கம் வரக்கூடாதென்று கேட்காமலேயே ஒன்பதாக்கிவிட்டார். கையெழுத்துக்குப் போன கடிதக் கட்டுக்குள் அதுவும் ஒன்றாகப் போனது, சேர் கவனிக்கவில்லை. ஒருவர் அக்கரைக்கு உதவி செய்தார், மற்றவர் அவருக்கு உதவி செய்தார்.

எங்கள் அதிபர் அறிவித்தலைப் பார்த்தார். எங்கள் நேரத்தில் ஒன்பது என்றால் அரசாங்க நேரத்தில் ஒன்பதரை, வழமையாக அரசாங்க ஒன்பதுக்குத்தானே தொடங்கும் என்று யோசித்தாராம். பிறகு, ஆற்றைக் கடந்து வருகிற பிள்ளைகளுக்காக இந்த முறை கொஞ்சம் பிந்தித் தொடங்குகிறார்கள் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் அவரும் நானும் ஒன்பது மணி, ஒன்பது மணி என்று பேசிக்கொண்டோம். புதுசா பழசா என்று யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னது பழைய ஒன்பது, கூட்டத்தில் பேசியதை அறியாத நான் சொன்னது புது ஒன்பது, இருவருக்கும் சந்தேகமில்லை.

சோதினை ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறில் ஆசிரியர்கள் அக்கரைக்குப் போவதில்லை. நான் வெள்ளெனவே நிலையத்தின் வாசலில் போய் நின்றேன். மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் வந்தார்கள். நெற்றியில் திருநீறு, கையில் புதுப் பென்சில். எங்கள் பிள்ளைகளைக் காணவில்லை. முதல் மணி அடித்தது. வாசலில் நின்ற பெற்றோரை விலகச் சொன்னார்கள். துறைப் பக்கம் ஓடிப்போய்ப் பார்க்கலாமா, போனால் அவர்கள் வேறு வழியால் வந்துவிடுவார்களா என்று கால் அங்குமிங்கும் இழுத்தது. இரண்டாம் மணியும் அடித்தது. மண்டபத்துக்குள் தாள் விரிக்கும் சத்தம் வெளியே கேட்டது. சுடுபாடு நடந்து பாதையை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு என்னதான் நினைக்க முடியும்.

அவர்கள் நடந்து வந்தார்கள். ஓடிக்கூட வரவில்லை. அதிபர் முன்னே, பிள்ளைகள் பின்னே, தாய்மார் கதைத்துச் சிரித்துக்கொண்டு. முன்கூட்டியே புறப்பட்டிருந்தார்கள். அந்த மிச்ச நேரத்தைச் சோதனைச்சாவடி தின்றுவிட்டது, இருந்தும் தங்கள் கணக்கில் நேரத்தோடுதான் வந்திருந்தார்கள். என் முகத்தைக் கண்டதும் யோகாவின் தாய் சிரிப்பை நிறுத்தினார். யோகா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

மேற்பார்வையாளர் இரக்கமுள்ளவர். உள்ளே விட்டார். ஆனால் நேரம் கூட்டிக் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. முதல் வினாத்தாளுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போயிருந்தது. இடைவேளையில் யோகா வெளியே வந்தாள். அழவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்:

“கடைசிப் பக்கத்தத் திருப்பவே இல்ல டீச்சர்.”

5

செவ்வாய்க்கிழமை மூன்று கடிகாரங்களையும் பார்த்துவிட்டு அபியின் ஆசிரியையிடம் போனேன். அவர் எனக்குத் தண்ணீர் வைத்தார். அபியின் புள்ளிகள் நடுவில் நிற்கின்றன, அதனால் தொழில் பழகும் பிரிவையே சிபாரிசு செய்வதாகச் சொன்னார். உங்களுக்குச் சம்மதமில்லையென்றால் ஒரு தேர்வு எழுதலாம், அதிலும் சரிவராவிட்டால் அடுத்த வருடம் மாறலாம், அதற்குப் பிறகும் வழி உண்டு என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார்.

அபி எனக்கு முந்திக்கொண்டான். தனக்கு அதுவே போதுமாம், தேர்வு வேண்டாமாம். நான் தமிழில், “ஒருக்கா எழுதிப் பாரன் தம்பி” என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு யன்னலைப் பார்த்தான். அவசரமில்லை, யோசியுங்கள், அவனுக்கு நிறைய நேரம் இருக்கிறது என்றார் ஆசிரியை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகன் மேலே படிக்கமாட்டான் என்ற துக்கத்தில் அழுகிறேன் என்று ஆசிரியை நினைத்து, தொழில் பழகுவதும் நல்ல வாழ்க்கைதான் என்று என் கையைப் பிடித்தார். நான் இந்த நாட்டில் பாடசாலை மதிய உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிறவள். என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை இங்குள்ள கல்வித் திணைக்களத்துக்கு மூன்று மொழியில் மாற்றி அனுப்பியும் ஒரு பயனும் கிடைக்கவில்லை. எந்த வேலையும் நல்ல வாழ்க்கைதான் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் யோகாவின் கதையை அவருக்கு எந்த மொழியில் சொல்வது. வெளியே வந்ததும் அபி, என்னை வெட்கப்படுத்திவிட்டீர்கள் என்றான். அது ஜேர்மனில். வீடு வந்து சேரும்வரை காதில் பாட்டுக் கேட்கும் அந்தக் குழாயைச் செருகிக்கொண்டு வந்தான்.

6

பெறுபேறு வந்தபோது யோகா வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றாள். பாதி நேரம் போயும் அவ்வளவு எடுத்திருந்தாள். திருப்பாத அந்தக் கடைசிப் பக்கத்தில் நாலைந்து கேள்வி செய்திருந்தாலே தாண்டியிருப்பாள்.

இராசநாயகம் சேர் நடந்ததைக் கந்தோரில் விசாரித்து அறிந்துகொண்டார். எழுதுவினைஞரின் தலையில் போட்டுவிட்டு இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. விசேடமாக ஒரு சோதினை வைக்கும்படி மேலிடத்துக்கு எழுதினார், கொழும்புக்கு நேரில் போயும் கேட்டார். ஒரு பிள்ளைக்காக விதியை மாற்ற முடியாது என்றார்கள். பிறகு ஒரு நாள் பாதையில் என்னோடு ஏறி, அந்தப் பிள்ளையின் வீட்டைக் காட்டுங்கள் டீச்சர் என்றார்.

கல்வி அதிகாரி கூலிக்காரர் வீட்டுக்கு வருவதை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. யோகாவின் தாய் பதறிப்போய்ப் பாய் விரித்தார், தேத்தண்ணி வைக்க எழும்பினார். சேர் வேண்டாமென்று இருக்கச் சொன்னார். யோகா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். உங்களுக்குச் சிரமம் தரக்கூடாதென்றுதான் உங்கள் நேரத்தில் எழுதினேன், அது இப்படியாகிவிட்டது, இதற்கு நான்தான் பொறுப்பு என்றார்.

யோகாவின் தாய் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்:

“நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க சேர், ஆர் இல்லையெண்டு சொன்னது. ஆனா எங்களுக்குக் கழிச்சுப் பார்க்கத் தெரியும். அத எங்களிட்டயே விட்டிருக்கலாம்.”

சேர் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். இப்போது உயிரோடு இல்லை. கந்தோரை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், ஆனால் முழுதாக வெறுக்க முடியாமல் இருப்பது இவரால்தான். அந்தக் கந்தோர் இல்லாவிட்டால் யோகாவின் கையில் பென்சிலே இருந்திருக்காது. இருந்தும், ஆற்றைக் கடந்து வந்த கந்தோரே அந்தப் பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டது. இரண்டும் உண்மை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

7

அதற்குப் பிறகு எனக்குக் கலியாணமாகி இங்கே வந்துவிட்டேன். யோகா ஒன்பதாம் வகுப்புவரை அதே பாடசாலையில் படித்தாள் என்று அதிபர் எழுதினார். மேலே படிக்க இக்கரைக்கு வர வேண்டும். பாதை மாதக்கணக்கில் ஓடாத காலம் அது. தகப்பன் நோயில் விழுந்த வருத்தக்காரன். பிறகு அதிபரின் கடிதங்களும் நின்றுவிட்டன.

நாவற்குடாவில் இருக்கும் என் தங்கை போன வருடம் யோகாவின் தாயைச் சந்தையில் கண்டு யோகாவின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி அனுப்பினாள். இலக்கம் குவைத்தில். யோகா அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இடைக்கிடை பேசுவோம். நான் அழைப்பு எடுத்தால் தானே திருப்பி எடுக்கிறேன் என்பாள், எனக்குச் செலவு வைக்கக்கூடாதாம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

செவ்வாய் பின்னேரம், அபி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டபின், அவளைத் தொலைபேசியில் எடுத்தேன். மனப்பாரத்தைச் சொல்ல ஆளில்லாமல் எடுத்தேன் என்பதுதான் சரி. அடுப்புக் கடிகாரத்தைச் சொன்னேன், ஒரு மணி நேரம் பிந்திப் போனதைச் சொன்னேன். சிரித்தாள். மகன் எப்படி என்று கேட்டாள். படிக்க மனமில்லாமல் இருக்கிறான் என்றேன். ஏசாதீங்க டீச்சர், ஆம்புளப்புள்ள, மெல்ல மெல்ல வருவான் என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, தான் இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

“இஞ்ச ஒரு பொம்புளப்புள்ள இரிக்கி டீச்சர். பத்து வயசு. தாய் ஒழும்பச் சுணங்கும். நான்தான் ஒழுப்பி, தல சீவி, பள்ளிக்கூடத்து வாசல் மட்டும் கூட்டிப்போய் விடுறனான். இந்தக் கிழமை அவக்குச் சோதினை. வீட்ட இரிக்கிற மணிக்கூடு ஒண்டயும் நான் நம்புறல்ல, அந்த வாசல்ல போய் அவங்கட மணிக்கூட்டப் பார்த்துத்தான் நிக்கிறது. நாலு வருசமாகிது டீச்சர். அந்தப் புள்ள ஒரு நாளும் பிந்தினதில்ல.”